டாக்டருக்கும் ஒரு பின்பாட்டு: தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஏழெட்டு டாக்டர்கள் கூடிப் பேசுகிறோம். அங்கே பாடம் நடப்பதில்லை, மருந்துக் கம்பெனி விருந்தும் கிடையாது. இந்த வேலை எங்களை என்ன செய்கிறது என்பதுதான் பேச்சு. நடுவில் ஒரு யோசனை வந்தது: நாள் முழுக்க மனிதர்களோடு மல்லுக்கட்டும் மற்ற ஆட்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அவர்களையே கேட்டால் என்ன? அப்படி ஒரு பஸ் கண்டக்டர், ஒரு பள்ளி ஆசிரியை, 108 வண்டியில் போகும் ஒருவர், ஒரு கூத்துக் கலைஞர் என்று ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பிலும் நேரிலும் என்னிடம் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பென்னாகரம் பக்கம் பல வருடம் அரசுப் பணியில் இருந்துவிட்டு இப்போது டவுனில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர். மனநல நிபுணர் கிடையாது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

'பர்ன் அவுட்' என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த நாகரிகப் பெயர்தானே?

இதைக் கேட்டது என் பேட்ச் ஆள் ஒருவர். கேட்கும்போது அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். நியூயார்க்கில் இலவச கிளினிக் ஒன்றில் வேலை செய்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், அங்கே ராப்பகலாக உழைத்தவர்கள் ஒரு கட்டத்தில் கருகிப்போவதைப் பார்த்து 1974-இல் அதைப் பற்றி எழுதினார். அப்படிக் கருகியவர்களில் அவரும் ஒருவர். முதலில் எரிந்தது ஆசையோடு வந்து உழைத்த கூட்டம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் இதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் ஏளனமும் வருவது, 'நான் செய்வதில் பிரயோஜனமே இல்லை' என்ற எண்ணம். அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலைச் சுமையால் வருவது என்றார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது என்று ஒருவர் எழுதிக்கொடுத்த மாதிரி.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், ஒரு பாட்டி தன் பேத்தி கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் மனதுக்குள் 'மாத்திரையை வாங்கிட்டுக் கிளம்பும்மா' என்று கத்திக்கொண்டிருந்தேன். பத்து வருடம் முன்னால் அதே பாட்டியிடம் ராகி விலை எல்லாம் விசாரித்தவன் நான்.

எல்லா ஊர் டாக்டருக்கும் இருக்கிற கஷ்டம்தானே? நம் மாவட்டங்களில் அப்படி என்ன தனியாக?

நெடுஞ்சாலையும் மலையும் அடுத்தடுத்து இருப்பதுதான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் ஒரே நேரத்தில் எத்தனை ஸ்ட்ரெச்சர் வரும் என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் சித்தேரி, கோட்டூர் மலை, அஞ்செட்டி காடுகள். தேர்தல் வந்தால் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் போகிற படம் பேப்பரில் வரும், எல்லோரும் ரசிப்போம். பிரசவ வலி வந்த பெண் அதே பாதையில்தான் இறங்க வேண்டும் என்பது டியூட்டி டாக்டருக்குத்தான் உறைக்கும். பாம்புக்கடி தாமதமாக வருவதும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை தாக்கியவர்கள் வருவதும் இங்கே அதிசயமில்லை. ஓசூர், தளி பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கெட்ட செய்தி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தருமபுரிக்கு மருத்துவக் கல்லூரி 2008-இல்தான் வந்தது, கிருஷ்ணகிரிக்கு 2022-இல். 'சேலத்துக்குக் கொண்டு போங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டு, வழியில் என்ன ஆனதோ என்று விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் தலைமுறை டாக்டர்களுக்குப் பழகிப்போன வேதனை. வசதிகள் பெருகவில்லை என்று சொல்ல மாட்டேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதே சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனால் பார்க்கிற நோயாளி கூடிய அளவுக்குப் பார்க்கிற டாக்டரைப் பற்றிய யோசனை கூடவில்லை.

கண்டக்டரிடம் போய் டாக்டர் என்ன கற்றுக்கொள்வது? எங்களுடையது உயிர் விஷயம்.

நானும் இப்படித்தான் நினைத்தேன். வந்தவர் 27 வருடம் பஸ்ஸில் நின்றவர். சில்லறைத் தகராறு, குடிகாரர், பிரேக் பிடித்தால் விழும் பாட்டி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சாதாரணமாக ஒன்று சொன்னார்: "எவ்வளவு மோசமான நாளா இருந்தாலும் டெப்போவுல கலெக்‌ஷனைக் கட்டி, பில்லை முடிச்சுட்டா அன்னிக்கு முடிஞ்சது சார். பையை அங்கேயே வெச்சுட்டு வந்துடுவேன்."

எங்களில் யாருமே அதற்கப்புறம் ஐந்து நிமிடம் பேசவில்லை. எங்கள் நாளுக்கு அப்படி ஒரு கணக்கு முடிப்பு இல்லை. ஓ.பி. முடியும், வார்டு முடியும், வீட்டுக்கு வருவோம், போன் முடியாது. சாப்பிடும்போது 'சார், அந்த பெட் பேஷன்ட்டுக்கு பி.பி. குறையுது' என்று வரும்.

அன்றிலிருந்து எங்களில் இரண்டு பேர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுவது: யாரை யாரிடம் ஒப்படைத்தேன், எது பாக்கி, எது மனதை அறுக்கிறது. நோட்டை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பது. பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒப்படைக்க எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் இது நடக்கும். டியூட்டிக்கு மாற்று ஆளே போடாத ஆஸ்பத்திரியில் நோட்டு மட்டும் என்ன செய்யும்?

கூத்துக்காரர் என்ன சொன்னார்? தலைப்பில் அதைத்தானே வைத்திருக்கிறீர்கள்.

நம் பக்கம் பாரதக் கூத்து ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். அவர் பல வருடமாகத் துரியோதனன் வேஷம் கட்டுபவர். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, அவ்வளவு பாரத்தோடு இத்தனை மணி நேரம் எப்படி என்று கேட்டேன்.

"நான் ஒருத்தனாவா பாடுறேன்? நான் ஒரு அடி பாடுனா, பின்பாட்டுக்காரங்க அதை வாங்கித் திருப்பிப் பாடுவாங்க. அந்த இடைவெளியில மூச்சு வாங்கிக்குவேன். கட்டியங்காரன் வந்து ஜனங்களைச் சிரிக்க வெச்சா இன்னும் கொஞ்சம் மூச்சு. அவங்க இல்லைன்னா ஒரு மணி நேரத்துல தொண்டை போயிடும்."

இதைப் பாருங்கள். மூச்சு வாங்க அவர் லீவு கேட்கவில்லை, கூத்தின் கட்டமைப்பிலேயே மூச்சு இருக்கிறது. பாட்டு நிற்பதில்லை, பாடுகிறவரும் சாவதில்லை. எங்கள் வேலையில் நிலைமை தலைகீழ். மூச்சு வாங்குவதை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டு, மூச்சு முட்டினால் 'ஸ்ட்ராங்காக இரு' என்கிறோம்.

ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தோம். இறப்புச் செய்தியைச் சொந்தக்காரர்களிடம் தனி ஆளாகப் போய்ச் சொல்வதில்லை. ஒருவர் சொல்வார், கூடவே வரும் நர்ஸோ இன்னொரு டாக்டரோ அதையே வேறு வார்த்தையில் மெதுவாகத் திருப்பிச் சொல்வார், அவர்களோடு சற்று நேரம் நிற்பார். அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கு முதல் தடவை சொன்னது காதிலேயே ஏறியிருக்காது, அதனால் இது அவர்களுக்கும் உதவுகிறது. கேசுவால்டியில் இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், பல ராத்திரிகளில் இல்லைதான். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனைக்கூடக் கூட்டிப் போயிருக்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைக் கலைத்துவிட்டுத்தான் கிளம்புவாராம். "வேஷத்தோட வீட்டுக்குப் போனா குழந்தை பயப்படும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடிப் பேசினால் என்ன மாறிவிடும்? புலம்பல் கச்சேரிதானே?

ஒழுங்கு இல்லாவிட்டால் புலம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு கூட்டம் அப்படித்தான் போச்சு: சம்பளம், டிரான்ஸ்ஃபர், டீன், மறுபடி சம்பளம்.

நாங்கள் இப்போது பின்பற்றுவது பாலின்ட் முறை. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்பவர் குடும்ப மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, நோயைப் பற்றி இல்லாமல் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே நடப்பதைப் பற்றிப் பேச வைத்தார். அதன் வேர் மருத்துவத்தில் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. அவர் மனைவி ஈனிட் பாலின்ட் சமூகநலப் பணி சார்ந்தவர். குடும்பச் சிக்கல்களில் ஆலோசனை சொல்லும் பணியாளர்களோடு அவர் நடத்திவந்த குழு விவாதத்திலிருந்துதான் டாக்டர்களுக்கான இந்த வடிவம் பிறந்தது. அப்படியென்றால் வேறு தொழிலிடம் கடன் வாங்குவது நாங்கள் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் கிடையாது.

நடப்பது இப்படி: ஒருவர் கேஸ் ஷீட் பார்க்காமல் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். மனதை உதைக்கிற, உறுத்துகிற, பார்த்தாலே கோபம் வருகிற நோயாளி. விவரம் தேவைப்பட்டால் இரண்டு கேள்வி. அப்புறம் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி வாயை மூடிக்கொள்வார். மற்றவர்கள், அந்த டாக்டர் இடத்தில் இருந்தால் என்ன தோன்றும், அந்த நோயாளி இடத்தில் இருந்தால் என்ன தோன்றும் என்று பேசுவார்கள். அறிவுரை கிடையாது, 'ஏன் அந்த டெஸ்ட் எடுக்கலை' கிடையாது. டாக்டர்களுக்கு இந்தக் கடைசி விதியில்தான் உயிர் போகும். நாக்கு துறுதுறுக்கும்.

மனநல ஆலோசகர்களும் சமூகப் பணியாளர்களும் இதை விருப்பத்துக்கு விடுவதில்லை. தன் வேலையைப் பற்றி இன்னொரு மூத்தவரிடம் தொடர்ந்து பேசுவது அவர்கள் தொழிலின் ஓர் அங்கம். பிரிட்டனின் ஆலோசகர் சங்கம் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்று வைத்திருக்கிறது. நாங்கள் ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒருவரிடமும் அப்படிப் பேசியதில்லை.

மோசமான ஒரு சாவு நடந்தால் அன்றைக்கே எல்லோரையும் உட்காரவைத்து மனம் விட்டுப் பேசச் சொல்ல வேண்டுமா?

வற்புறுத்தாதீர்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் துறைகளில் ஒரு காலத்தில் சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்க வைப்பது பரவலாக இருந்தது. அப்படி ஒரே ஒரு முறை நடத்தும் அமர்வு பின்னால் வரும் மன பாதிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகலாம் என்று மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2002-இல் சொன்னது.

எங்களிடம் பேசிய 108 ஊழியர் செய்வது எளிமையானது. வண்டியைக் கழுவும்போது டிரைவரும் அவரும் பேசிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பேசாமல் டீ குடிப்பார்கள். மறுநாள் ஒரு போன். அது போதும் என்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சாப்பாடு, தூக்கம், வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு ஆள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் அந்தக் காட்சி கனவில் வந்தால் அப்போது மனநல மருத்துவர்.

வேலை நேரத்துக்கு ஏதாவது விதி இருக்கிறதா?

காகிதத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கிப் பயிற்சி பெறும் டாக்டர்களுக்காக 1992-இல் வந்த மத்திய ரெசிடென்ஸி திட்டம் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் 48 மணி நேரம் என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் 'நியாயமான வேலை நேரம்', வார விடுமுறை, வருடம் 20 நாள் தற்செயல் விடுப்பு என்கின்றன. 2024-இல் அதே ஆணையம் அமைத்த மனநலக் குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 48 எப்படி 74 ஆனது என்று பி.ஜி. படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கை, கண் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையது போல ஆகிவிடும் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அந்த நிலையில் மொபெட் ஓட்டினால் பாலக்கோடு செக்போஸ்ட்டில் பிடிப்பார்கள். சிசேரியன் செய்தால் பாராட்டுவோம்.

விமானிகளுக்கான வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக நம் நாட்டில் 2025-இல் உயர்த்தினார்கள். ரயில் ஓட்டுபவர்களுக்கு ஜோலார்பேட்டையில் படுக்கையும் சாப்பாடும் உள்ள ரன்னிங் ரூம் உண்டு. காவலர்கள் கதையையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு வார ஓய்வு என்று 2021-இல் உத்தரவே வந்தது, ஆனால் ஸ்டேஷனில் ஆள் இல்லாவிட்டால் ஓய்வு இல்லை என்று அவர்களே சொல்வார்கள். உத்தரவோடு ஆளும் வர வேண்டும்.

பிரசவ இறப்பு ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்வந்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்குவதில்லை. அதையும் வேண்டாம் என்கிறீர்களா?

மகப்பேறு டாக்டர் ஒருவர் கேட்டது. வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஒவ்வொரு தாய் இறப்பையும் விடாமல் அலசுவது தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு அந்தப் பதிலைப் பெறும் உரிமை இருக்கிறது.

ஆனால் அலசுவது வேறு, கூண்டில் ஏற்றுவது வேறு. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் ரகசியமாக எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை வாங்குவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறை இல்லை, நாசா. பெயரை எடுத்துவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் அனுப்பும். கற்றுக்கொள்பவரும் தண்டிப்பவரும் வேறு வேறு ஆள் என்பதுதான் அதன் சூட்சுமம். நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், 'இதைப் படித்துத்தான் டாக்டர் ஆனீங்களா' என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அதற்கப்புறம் அவர் எந்தச் சிக்கலான பிரசவத்தையும் தொடவில்லை, எல்லாமே ரெஃபர். அதில் யாருக்கு லாபம்?

யோகா வகுப்பு நடத்தினால் போதாதா?

போதாது. டியூட்டி முடிந்த பிறகு கட்டாயம் வர வேண்டும் என்ற யோகா வகுப்பு இன்னொரு டியூட்டிதான்.

என் கணவர் வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. கேட்டால் 'ஒன்றுமில்லை' என்கிறார். நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வி மூன்று வீட்டிலிருந்து வந்தது, அதில் ஒன்று என் வீடு.

வந்ததும் கேட்காதீர்கள், குளித்துச் சாப்பிடட்டும். கூத்துக்காரரின் தேங்காய் எண்ணெய் நேரம் அது. ஆனால் அது முடிந்தும் தினமும் 'ஒன்றுமில்லை' என்றால், அது அவருடைய தனிப்பட்ட விஷயம் என்று விட்டுவிட வேண்டாம், வீடும் சேர்ந்துதான் சுமக்கிறது. 2018-இல் பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு தமிழ்நாடு காவல்துறையில் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கியபோது குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் கூட்டத்துக்கும் வருடத்தில் ஒருமுறை வீட்டாரை அழைக்கிறோம். போன தடவை நாங்கள் பேசியதைவிட அவர்கள் பேசியதுதான் அதிகம். கொஞ்சம் வலித்தது.

சொந்தக்காரர்கள் அடிக்க வந்தால்?

முதலில் வெளியேறுங்கள். வீரம் வேண்டாம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது பிணையில் வர முடியாத குற்றம் என்று தமிழ்நாட்டில் 2008-இலேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் பணி நேரத்திலேயே கத்தியால் குத்தினார்.

ஆசிரியை ஒரு வழி சொன்னார். கோபமாக வரும் பெற்றோரை நிற்க வைத்துப் பேசவே மாட்டாராம், முதல் வேலை நாற்காலி, இரண்டாவது தண்ணீர். பாதிக் கோபம் உட்கார்ந்ததும் இறங்கிவிடும் என்கிறார். கேசுவால்டியில் சொந்தக்காரர் உட்கார எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஓசூரில் 20 பெட் நர்சிங் ஹோம் நடத்துகிறேன். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

டியூட்டி ரூமில் பூட்டுப் போடும் கதவும் சுத்தமான பாத்ரூமும், குறிப்பாகப் பெண் டாக்டர்களுக்கு. நைட் டியூட்டி முடித்தவரை மறுநாள் காலை ரவுண்ட்ஸில் நிறுத்தாதீர்கள். டியூட்டி மாறும்போது 15 நிமிடம் இருவரும் சேர்ந்து இருக்கும்படி நேரம் போடுங்கள், அதற்குச் சம்பளமும் கொடுங்கள். உங்கள் டாக்டர் தவறு செய்துவிட்டால் நோயாளி வீட்டாரிடம் அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். இந்தக் கடைசி ஒன்றுக்குப் பைசா செலவில்லை, ஆனால் அதைச் செய்யும் முதலாளியை விட்டு டாக்டர்கள் அவ்வளவு எளிதில் போவதில்லை.

மனநல டாக்டரைப் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடாதா?

சின்ன ஊர், பயம் நியாயம்தான். பக்கத்து ஊருக்குப் போகலாம், போனிலும் பேசலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மருத்துவ மாணவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் 'மனம்' என்ற நல்லாதரவு மன்றங்களும் அதே வருடம்தான் தொடங்கின.

சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். நமக்கு மருந்தும் அளவும் தெரியும் என்பதாலேயே ஆபத்து அதிகம். மருந்து அலமாரிச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவைப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

உங்கள் கூட்டத்துக்கு யார் வரலாம்?

நோயாளியைத் தொடும் யாரும் வரலாம். சென்ற மாதம் முதன்முறையாக இரண்டு கிராம சுகாதார செவிலியர்கள் வந்தார்கள். ஒருவர் வத்தல்மலையில் வேலை பார்த்த நாட்களைச் சொன்னார், டாக்டர்கள் எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கேட்டோம். போனை வாசலில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். ஒருவர் மட்டும் ஆன் கால் போனை எல்லோருக்காகவும் வைத்துக்கொள்வார். இந்த மாதம் அது என் முறை.